பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

நாசில் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையில் ஓடுகிற ஏசி உங்களுக்காகப் போட்டதல்ல, டீசலுக்காகப் போட்டது. நான் அங்கே இருந்த காலமெல்லாம் என் வீட்டுக்காரரிலிருந்து மீன்காரம்மா வரை எல்லோரும் "உனக்கென்ன, ஏசி ரூம் உத்தியோகம்" என்றே சொன்னார்கள். நானும் மறுத்ததில்லை. வெளியே பட்டறையில் ஆண்கள் வேர்த்து வழிய ஸ்பேனர் பிடிக்கும்போது, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் பெயர் ஆரோக்கியமேரி. திருப்பாதிரிப்புலியூரில் நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் இதே டீசல் பம்ப் பட்டறையில் பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தேன். இப்போது மஞ்சக்குப்பத்தில் காலையில் பூசை, சாயங்காலம் மைதானத்தில் நடை என்று நிம்மதியாகப் பொழுது போகிறது. பழைய முதலாளியின் மகள்தான் இப்போது உங்களுக்கு முதலாளி. "அக்கா, புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்று போன வாரம் கேட்டாள். பம்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, இப்போது ஆளுக்கொரு வீடியோவும் இருக்கிறது. சூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தோசை வார்த்தவர்களுக்கு இது தெரியும். கல் காயாதபோது ஊற்றிய எண்ணெய் ஊற்றிய இடத்திலேயே தடித்து நிற்கும். கல் காய்ந்துவிட்டால் அதே எண்ணெய் தண்ணீராக ஓடும். டீசலும் அப்படித்தான். குளிர்ந்திருந்தால், பம்ப் தள்ளுகிற டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கிற நாசிலின் துளையிலிருந்து நீட்டு நீட்டாக, பெரிய பெரிய சொட்டாகப் போய் எஞ்சின் சுவரில் அடிக்கும். புகை வரும். இளஞ்சூட்டில் இருந்தால் அழகாகப் பனி மாதிரி பூக்கும். சூடு எல்லை மீறினால் இன்னொரு தொல்லை. டீசல் மெலிந்துபோய், பம்புக்குள் இருக்கிற மயிரிழை இடைவெளிகளில் பின்பக்கமாகவே கசிந்துவிடும். நாசிலைத் திறக்க வேண்டிய அழுத்தமே சேராது. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கசிவு ஜாஸ்தி. நாசில் பூக்காமல் வெறுமனே ஒழுகும். அதனால்தான் பம்பை மாட்டி ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெஞ்சில் எண்ணெயை எப்போதும் நாற்பது டிகிரியிலேயே வைத்துச் சோதிக்கிறோம். வெளிவெயில் அந்தச் சூட்டைக் கலைக்கக் கூடாது என்றுதான் அறைக்கு ஏசி. காலையில் வந்ததும் எண்ணெய் சூடாகும்வரை காத்திருக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கலாம். நான் குடித்தேன்.

இனி ராஜவேலுவின் கதை. கீரப்பாளையத்துக்காரர். சொந்தமாக ஒரு நெல் அறுவடை மிஷின் வைத்திருந்தார். அவர் சொன்னால் அந்தப் பக்கத்து மிஷின்காரர்கள் பாதிப் பேர் நம் பட்டறைக்கு வருவார்கள், வேண்டாமென்றால் வரமாட்டார்கள். ஒரு மாசி மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக நடக்கும்போது, காரில் பம்பையும் நாசில்களையும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதில் டீசல்.

"மேடம், பம்ப்பை அப்புறம் பாக்கலாம். மொதல்ல இதப் பாருங்க. இதுல கிருஷ்ணாயில் கலந்திருக்குது. கலந்திருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இந்தக் காலத்தில் கிருஷ்ணாயில் எங்கே ஐயா கிடைக்கிறது, ரேஷன் கடையில் நாங்களே பார்த்துப் பல நாளாகிறதே என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். முழுக்கதையையும் கேட்டேன்.

மிஷின் காலையில் நன்றாக ஓடுகிறதாம். உச்சி வெயில் ஏறினதும் இழுவை குறைகிறது. கதிர் அடர்ந்த இடத்தில் திணறி நின்றுவிடுகிறது. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. மிஷினை ஓட்டுவது அவர் தங்கை செல்வியின் புருஷன் குமார்.

"டேங்க்ல விரல வுட்டுப் பாத்தேன் மேடம், தண்ணி மாதிரி கீது. நம்ம டீசல வித்துட்டு கிருஷ்ணாயில ஊத்தறான். நான் வர்றதுக்குள்ள பம்ப் மேல ஈரச் சாக்கப் போட்டு மூடி வெக்கிறான். எதுக்கு மூடணும்? தப்பு செஞ்சவன்தான மூடுவான்?"

விஷயம் டீசலோடு நிற்கவில்லை. செல்வியின் பெண் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் வராவிட்டால் செல்விக்குப் புகுந்த வீட்டில் ஆயுளுக்கும் ஒரு சொல் நிற்கும். ராஜவேலுவோ, "திருட்டுப் பய புள்ளைக்கு நான் மடி குடுக்க மாட்டேன்" என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்போது அதற்கு நம் பட்டறையின் சாட்சி வேண்டும்.

நான் முதலில் பம்பைச் சோதித்தேன். வயதான பம்ப்தான், உள்ளே கொஞ்சம் தேய்மானம் இருந்தது. ஆனால் நாற்பது டிகிரியில் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. நாசில்கள் எல்லாம் பூவாகப் பூத்தன. அடுத்து பாட்டில். நம் பீப்பாய் டீசலையும் அவர் டீசலையும் ஒரே சூட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடர்த்தி பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். கலப்படம் இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் பாட்டிலுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் கொண்டாந்த டீசல் இல்ல."

"என்னது?"

"நான் புடிக்கும்போது தண்ணியா இருந்துச்சு. இது கெட்டியா கீது. மாத்திட்டீங்க. அவன் போன் பண்ணிட்டானா உங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் பட்டறையில் பிரசித்தம். சாந்தமான முகம், ஆனால் வாயைத் திறந்தால் ஈட்டி என்று முதலாளி சொல்வார். நல்லவேளையாக அன்று வாயைத் திறப்பதற்குள் மூளை முந்திக்கொண்டது. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. வயலில் தண்ணீராக இருந்தது, ஏசி அறையில் கெட்டியாக இருக்கிறது. இரண்டும் உண்மை என்றால், நடுவில் மாறியது சூடு மட்டும்தான்.

"தம்பி, நீங்க விரல் வெச்சப்ப டீசல் சுட்டுச்சா?"

"வெயில்ல நிக்கிற வண்டி சுடாதா? நல்லா சுட்டுச்சு."

"டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?"

அவர் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். "அவனுக்கு டேங்க் ரொப்பிக் குடுக்க நான் என்ன பைத்தியக்காரனா? கேன்ல கொஞ்சம் கொஞ்சமா நானே ஊத்துவேன். அடி டேங்க் நனையற அளவுக்குத்தான். மூடிக்குப் பூட்டு. சாவி இங்க." அரைஞாணில் சிவப்புக் கயிற்றில் கட்டியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

"பூட்டு உங்க கையில இருக்கும்போது அவர் எப்படித் தம்பி கிருஷ்ணாயில் ஊத்துவார்?"

"பைப்பக் கழட்டி ஊத்துவான்."

சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும், பிள்ளைகளே. அதோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை.

எனக்கு விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. பம்புக்குப் போகிற டீசல் எல்லாம் எரிந்துவிடுவதில்லை. மீதி, சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்கே திரும்பி வருகிறது. டேங்க் நிறைந்திருந்தால் அந்தச் சூடு பெரிய அளவில் கலந்து ஆறிவிடும். அடியில் கொஞ்சமே இருந்தால், அதே டீசல்தான் சுற்றிச் சுற்றி வந்து காய்ந்துகொண்டே போகும். பெஞ்ச் எண்ணெயின் சூட்டை வேண்டுமென்றே ஏற்றி, ஸ்டார்ட் செய்கிற வேகத்தில் அவருடைய பம்பை ஓட்டிப் பார்த்தேன். பூத்த நாசில்கள் அப்படியே ஒழுக ஆரம்பித்தன. புதுப் பம்பாக இருந்தால் தாங்கியிருக்கும். தேய்ந்த பம்ப் தாங்கவில்லை.

முதலாளி வந்து என் பின்னால் நின்றார். அவர் வாடிக்கையாளரை நோகடிக்காத மனுஷர். தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏம்மா மேரி, பம்ப் ஹெட்ட மாத்திடலாமே. புது ஹெட்டு சூட்டத் தாங்கிக்கும். வண்டி ஓடும், அவரும் சந்தோஷமா போவாரு. அவுங்க குடும்பச் சண்டை நமக்கெதுக்கு?"

யோசித்துப் பாருங்கள், அதில் தப்பே இல்லை. தேய்ந்த பாகத்தை மாற்றுவது நம் தொழில். வண்டியும் நிச்சயம் ஓடியிருக்கும்.

"மாத்தலாம் சார். நாளைக்கே அவர் ஊர்ல போய், 'கிருஷ்ணாயில் ஊத்தி பம்ப்பையே தின்னுட்டான், புதுசு போட்டேன்'னு சொல்வாரு. நம்ம மாத்தின ஹெட்டே அதுக்குச் சாட்சியாயிடும். அந்தக் குழந்தைக்கு மாமன் மடி கெடைக்காது."

முதலாளி கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பெஞ்ச்ல காட்டிப் புரிய வெக்க முடியாதா?"

"பாட்டில மாத்திட்டேன்னு சொல்ற ஆளு, பெஞ்ச நம்புவாரா? அவர் வயல்ல, அவர் டேங்க்ல, அவர் விரலாலதான் பாக்கணும். நான் போறேன்."

நாசில் அறை ஆள் வயலுக்குப் போவது நம் பட்டறையில் வழக்கமில்லை. முதலாளி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கார் சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "நீ சொல்றதுதான் நம்ம பட்டறை சொல்றது. பாத்துப் பேசு" என்றார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை நிறைய. அன்று பயத்தோடேயே என்னை நம்பினாரே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பம்பை மாட்டிவிட்டு வயலில் நின்றோம். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் சிலரும் வரப்பில் கூடியிருந்தார்கள். சிதம்பரத்துக்கு மேற்கே அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை பழுத்த நெல். குமார் மிஷின் மேலே, ராஜவேலு வரப்பில். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. "வண்டிய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க மேடம்" என்று அவர் என்னிடம் சொல்வார். "சேறா இருக்குது, திரும்பாதுன்னு சொல்லுங்க மேடம்" என்று இவர் என்னிடம் சொல்வார். பம்ப் பார்க்க வந்தவள் போஸ்ட்மேன் ஆனேன்.

செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். விருந்தாளி என்று எனக்கும் கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை, எனக்கு ஒருசந்தி, கறி தொடமாட்டேன். சொன்னதும் பதறிப்போய் ஓடி மோர் வாங்கிவந்தாள். மோரைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சிதம்பரத்துல மண்டபம் கேட்டு வெச்சிருக்கோம் மேடம். தேதி மட்டும் சொல்லல. எங்கண்ணன் வர்ற தேதிதான் எங்களுக்குத் தேதி." அவள் அழவில்லை. அண்ணன் நின்ற பக்கம் திரும்பவும் இல்லை.

அன்று காலை வந்ததுமே டேங்கில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்திருந்தேன், வெதுவெதுப்புதான். ராஜவேலு வழக்கம்போலக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பூட்டினார். "இன்னைக்கு எப்பவும் செய்யிற மாதிரியே செய்ங்க தம்பி, எதையும் மாத்தாதீங்க" என்று நான்தான் சொல்லியிருந்தேன். வெயில் ஏறியது. மிஷின் முக்க ஆரம்பித்தது. அடர்ந்த கதிரில் நுழைந்ததும் குரல் கம்மி, திணறி, நின்றது. குமார் சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை.

"பாத்திங்களா, பாத்திங்களா!" ராஜவேலு வரப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார். "உங்க கண்ணு முன்னாடியே!"

"பாத்தேன் தம்பி. பூட்டத் தெறங்க. விரல வைங்க."

வைத்தார். உடனே இழுத்துக்கொண்டு உதறினார். "யப்பா, கொதிக்குது!"

"இது காலையில உங்க கையால நீங்க ஊத்தின டீசல். அப்பலேருந்து பூட்டு போட்டிருக்கு. வண்டிய விட்டு நானும் நகரல, நீங்களும் நகரல. பைப்ப யாரும் தொடல. இப்ப கையில தேய்ச்சுப் பாருங்க, எப்படி இருக்கு?"

தேய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது.

"மோட்டார் கொட்டாய்ல நெழல்ல கேன் இருக்குதுல்ல? எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லுங்க. டேங்க ரொப்புங்க."

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் நான் தயங்கினேன். சூடு என்று பெஞ்சில் பார்த்தாயிற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். திருடன் என்று ஊரறியச் சொன்ன ஆளின் கையில் டேங்க் நிறைய டீசலைக் கொடுக்க வேண்டும். அதுவும் ஊர் பார்க்க. கேன் வந்த பிறகும் மனுஷன் அசையாமல் நின்றார். "தப்பு உங்க பேருல" என்று சொல்லிவிடலாம் போல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் கேனை உதைத்துவிட்டுப் போயிருப்பார். அதனால் வண்டியைப் பற்றி மட்டும் பேசினேன்.

"தம்பி, இந்தப் பம்ப்புக்கு வயசாயிடுச்சு. வயசானவுங்க சூடு தாங்க மாட்டாங்க. நெறஞ்ச டேங்க் இருந்தா டீசல் ஆறும். வண்டி கேக்கிறது அவ்வளவுதான்."

அவர் தங்கையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கேனைத் தூக்கினார். கடைசிக் கேன் வரை ஊற்றினார். விளிம்பில் டீசல் தெரிந்தது. குமார் கை பம்பை அடித்து, பழைய சூடு வெளியேறிப் புது டீசல் ஏறும்வரை பொறுத்து, சாவியைத் திருப்பினார். கொஞ்சம் சுற்றியது, இன்னும் கொஞ்சம் சுற்றியது, பிடித்துக்கொண்டது. நான் மனசுக்குள் ஆரோக்கிய மாதாவுக்கு நன்றி சொன்னேன். பெஞ்ச் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. மாதாவையும் சேர்த்துக்கொண்டால் நஷ்டமில்லை.

பொழுது சாயும்வரை மிஷின் ஒரு தடவையும் நிற்கவில்லை. அந்தப் பெரிய வயல் முழுவதும் அறுத்து முடித்த பிறகு குமார் கீழே இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், அந்தப் பாட்டில்ல என்னா இருந்துச்சுன்னு கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. இவுங்க எல்லாரும் கேக்கட்டும்."

கேட்கவேண்டிய கேள்விதான். வரப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "டீசல். சுத்தமான டீசல். கிருஷ்ணாயில் ஒரு சொட்டு இல்ல."

"ஈரச் சாக்கு?" என்றார் ராஜவேலு. வயலுக்கு வந்ததிலிருந்து குமாரைப் பார்த்து நேராக அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"போட்டா கொஞ்ச நேரத்துல ஸ்டார்ட் ஆவுது மச்சான். ஏன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டு காலி கேன்களைப் பொறுக்க ஆரம்பித்தார். குமாரும் குனிந்து பொறுக்கினார். நான் காரில் ஏறிவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்பது நம் வேலையில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் செல்வி போன் செய்தாள். தேதி குறித்தாயிற்று, நீங்கள் வராமல் காது குத்தமாட்டோம் என்றாள். ஒருசந்தி இல்லாத நாள்தானா என்று கேட்டுக்கொண்டாள். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். முதலாளியும் வந்தார். தாய்மாமன் சீர் தட்டுகளோடு ராஜவேலு பட்டு வேட்டியில் வந்து, மணையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி ஒரு காதைக் குத்தியதுமே குழந்தை மண்டபம் அதிரக் கத்தியது. கத்திக்கொண்டே மாமனின் இடுப்பைப் பிடித்து இழுத்தது. கையில் அந்தச் சிவப்புக் கயிறு சிக்கியது.

ராஜவேலு சாவியை அவிழ்த்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அழுகை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஆசாரி அடுத்த காதையும் குத்திவிட்டார்.

"ஐயய்யோ, டேங்க் சாவிண்ணே!" செல்வி பதறினாள். "எங்கயாவது போட்டுத் தொலைச்சிடுவா."

"தொலைக்கட்டும்மா. பூட்டத்தான் அன்னைக்கே கழட்டிப் போட்டுட்டேனே."

"அப்புறம் எதுக்கு இன்னும் இடுப்புல கட்டிக்கினு திரியறீங்க மச்சான்?" பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போன குமார் நின்று கேட்டார்.

ராஜவேலு குழந்தையின் காதில் துளிர்த்த ரத்தத்தைத் தன் புது வேட்டி நுனியால் ஒற்றினார். "அடுத்த தடவ புத்தி கெட்டுப் போச்சுன்னா தொட்டுப் பாத்துக்கத்தான் மாப்ள" என்றார்.

குழந்தை சாவியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. குமார் பாதி இலைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, "வாங்க, போடுவோம்" என்றார்.